விராலுக்கு எத்தனை ரப்பர் இரை வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரிகள் கோடி போகத் தொடங்கிவிட்டால், ஆற்காட்டுச் சீமையின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். வாரத்தின் ஆறு நாள்கள் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணி ஆலைகளில் உழைக்கும் இளைஞர்கள், ஏழாம் நாள் விடியுமுன்பே இருசக்கர வாகனத்தில் தூண்டில் கோலைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறார்கள். என் தலைமுறையினர் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாகப் போனவர்கள். இன்றைய இளைஞர்களிடம் சுழல் பொருத்திய கார்பன் கோல் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய ரப்பர்ப் புழுக்கள், ரப்பர் மீன்கள், ரப்பர் நண்டுகள், ரப்பர்த் தவளைகள் இருக்கின்றன.

அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சும். ஒரு நாள் கூலிக்கு மேல், சில சமயம் ஒரு வாரக் கூலியே அதற்குள் கிடக்கும். அதில் பாதிக்கு மேல் நம் ஏரிகளில் வாழாத ஒரு மீனுக்காகச் செய்யப்பட்டவை. இணைய விற்பனைத் தளங்களிலும் காணொளிகளிலும் பரிந்துரைக்கப்படும் மென்பிளாஸ்டிக் இரைகளில் பெரும்பாலானவை, வட அமெரிக்காவின் ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்னும் மீனை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. காவேரிப்பாக்கம் ஏரியில் அந்த மீன் இல்லை. இங்கே அதன் இடத்தில் இருப்பது விரால்.

இரண்டும் பதுங்கியிருந்து பாயும் வேட்டை மீன்கள் என்பதால் ஒன்றுக்கான உத்தி மற்றதற்கும் ஓரளவு பொருந்தும். எந்த அளவு பொருந்தும் என்பதை அறிந்துகொண்டால் பெட்டியின் சுமை குறையும். ஏரியில் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கும் குறையும்.

முதலில் இந்தப் பொருளின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். தோல் தொழிலில் ஊறிய நம் பகுதிக்கு அது அந்நியமான கதை அன்று. மென்பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பயன்படுத்தியது பதப்படுத்திய தோல். 1920களிலிருந்து விஸ்கான்சின் மாநிலத்தில் பன்றித் தோலைத் தவளை வடிவிலும் பட்டை வடிவிலும் வெட்டி, உப்பு நீரில் ஊறவைத்துச் சீசாவில் அடைத்து விற்றார்கள். நீரில் அது உயிருள்ள தசையைப் போலவே நெளியும். ஆனால் வெயிலில் சில நிமிடம் விட்டுவிட்டால் காய்ந்து விறைத்துவிடும். தோலை உப்பிட்டுக் காப்பது எப்படி, காய்ந்தால் அது என்ன ஆகும் என்பதை வாணியம்பாடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1949ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டுச் சமையலறை அடுப்பிலேயே பிளாஸ்டிக் குழம்பைக் காய்ச்சி, மண்புழுவின் அச்சில் ஊற்றி முதல் மென்பிளாஸ்டிக் புழுவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக்ரன் என்பது டயர் ஆலைகளால் பெயர் பெற்ற ரப்பர் நகரம். நாம் ‘ரப்பர் புழு’ என்று சொன்னாலும் அதில் ரப்பர் கிடையாது. பிவிசி பிசினை, அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்விப்பானுடன் கலந்து சூடாக்கினால் பால் போன்ற குழம்பு கண்ணாடி போலத் தெளியும். ஆறியதும் ஜவ்வு போன்ற திடப்பொருளாகும். இருக்கை உறைக்கான ரெக்சினும், மலிவு விலைச் செருப்பின் அடிப்பாகமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. நெகிழ்விப்பானின் அளவு மட்டும் புழுவில் மிக அதிகம். புதுப் பொட்டலத்தைப் பிரித்ததும் வருகிற அந்த மணம் ஆம்பூர்க்காரர்களின் மூக்குக்குப் பழகியதுதான்.

இனி நம் மீனுக்கு வருவோம். விரால் தண்ணீரிலிருந்து மட்டுமன்றிக் காற்றிலிருந்தும் மூச்சு விடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் சென்றாக வேண்டும். அதனால் அது ஆழத்தை விரும்புவதில்லை. கோரையும் அல்லியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஓரநீரே அதன் வீடு. மேலே தவளை தாவினால் கீழிருந்து பாய்ந்து கவ்வும். அமெரிக்க பாஸ் மீனுக்கு விருப்பமான உணவுகளில் ஒன்று கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால். அதனால்தான் அங்கே விற்கும் மென்பிளாஸ்டிக்குகளில் பெரும்பகுதிக்குக் கொடுக்கும் கொம்பும் இருக்கின்றன. அவை அடித்தரையில், பாறை இடுக்கில் தவழ்வதற்காகச் செய்யப்பட்டவை. நம் ஏரியின் அடித்தரையோ முழங்கால் புதையும் சேறு. ஆகவே நண்டு, சிங்கி இறால், பல்லி வடிவங்கள் அனைத்தையும் முதல் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். என்னைக் கேட்டால், கடைசிப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிடலாம்.

முதலில் வாங்க வேண்டியது உள்ளீடற்ற தவளை. மற்ற எதையும் வாங்காமல் இதை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவர் வாழ்நாள் முழுவதும் விரால் பிடிக்கலாம். தாய்லாந்திலும் மலேசியாவிலும் இதே மீனை இப்படித்தான் பிடிக்கிறார்கள். நம் கடைகளுக்கு வரும் நல்ல வடிவங்கள் பலவற்றில் அந்நாட்டு அனுபவம் இருக்கிறது. வயிறு வெற்றாக, காற்று நிரம்பியதாக இருக்கும். முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள்கள். மீன் கவ்வும்போது உடல் நசுங்கி முள்கள் வெளிப்படும். கவ்வாதபோது முள்கள் உடலோடு படிந்து கிடப்பதால் அல்லி இலைமேல் ஏறி இறங்கி வரும், செடியில் மாட்டாது.

வாங்கும்போது கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் சோதிக்க வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்துங்கள். சிறு அழுத்தத்திலேயே உடல் முழுவதும் அமுங்கி இரு முள்முனைகளும் வெளியே துருத்த வேண்டும். அழுத்த வலுவேண்டியிருந்தால் அது பொம்மைக் கடைக்குரிய தவளை. அழகான கண்களும் புள்ளிகளும் வாங்குபவரைப் பிடிக்கத்தான். அடுத்து, முள்ளின் கம்பி. விராலின் வாய் எலும்பும் பல்லுமானது. மெல்லிய கம்பி முதல் மீனிலேயே நிமிர்ந்துவிடும். மூன்றாவது, அளவு. பாஸ் மீனின் வாய் பை போல விரியும். விராலின் வாய் அவ்வளவு அகலம் இல்லை. அமெரிக்க அளவில் பெரிதாகச் செய்யப்பட்ட தவளையை அது அடிக்கும், ஆனால் கவ்வி உள்ளிழுக்க முடியாமல் விட்டுவிடும். நான்கைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள உடலே நமக்கு ஏற்றது.

தவளையை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தாலும் அடித்தவுடன் கோலை இழுப்பவருக்கு மீன் கிடைக்காது. தண்ணீர் வெடித்துத் தெறிக்கும் அந்தக் கணத்தில் கை தானாகத் துள்ளும். அதை அடக்கி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. செடிக் கூட்டத்திலிருந்து மீனைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருப்பதால் சாதாரண நைலான் நரம்பு உதவாது. நீளாத பின்னல் நரம்பு வேண்டும்.

இரண்டாவது, துடுப்பு வால் மீன். அயிரையோ கெண்டைக் குஞ்சோ போன்ற உடல், முனையில் சிறு தட்டு போன்ற வால். இழுக்கும்போது அந்தத் தட்டு இடவலமாக அடித்துக்கொள்ளும். செடி குறைந்த இடத்திலும், மதகடியிலும், கோடிக்காலில் நீர் வடியும்போதும் தவளையைவிட இது நன்றாக வேலை செய்யும். மூன்று அங்குலம் போதும். இதை வளைந்த கழுத்துள்ள முள்ளில் கோத்து, முள்முனையை உடலின் தோலுக்கடியில் புதைத்துவிட வேண்டும். இம்முறை டெக்சாஸ் மாநிலத்தின் பெயரால் வழங்குகிறது. முள்ளை நடுக்கோட்டில் நேராகக் கோப்பது மிக முக்கியம். சற்றுக் கோணினாலும் மீன் நீந்தாது, பம்பரம்போலச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். புதியவர்கள் பத்துப் பொட்டலம் வாங்குவதைவிட ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு பத்து முறை கோத்துப் பழகுவது நல்லது.

மூன்றாவது, நேரான தடித்த புழு. பார்வைக்கு ஒரு மெழுகுக் குச்சி. வாலும் இல்லை, காலும் இல்லை. கடையில் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான கேரி யமமோட்டோ ‘சென்கோ’ என்ற பெயரில் புகழ்பெறச் செய்த வடிவம் இது. பிளாஸ்டிக்கோடு உப்பைக் கலந்து வார்த்ததால் ஈயக்குண்டு இல்லாமலேயே மூழ்கும். மூழ்கும்போது இரு முனைகளும் மெல்ல நடுங்கும். தவளையை அடித்துத் தவறவிட்ட விரால் அதே இடத்தில் சற்று நேரம் காத்திருக்கும். அந்த இடத்தில் இந்தப் புழுவைச் சத்தமின்றி விட்டால் பல சமயம் எடுத்துக்கொள்ளும். இதற்காக ஒரு பொட்டலம் வைத்திருக்கலாம்.

இவ்வளவுதான். பழவேற்காட்டிலோ அடையாற்றுக் கழிமுகத்திலோ கொடுவாய் பிடிக்கப் போகிறவர்களுக்குக் கனத்த தலை முள்ளும் பெரிய துடுப்பு வாலும் தேவைப்படும். அது உப்பங்கழியின் கணக்கு, வேறு.

நிறத்தைப் பற்றி இளைஞர்கள் கேட்கும் கேள்விக்கு முடிவே இல்லை. என் பதில் சிறியது. கீழிருந்து பார்க்கும் விராலுக்குத் தவளை வானத்தின் பின்னணியில் ஒரு கருநிழல். ஆகவே கலங்கல் நீரிலும் விடியற்காலையிலும் கறுப்பு, மற்ற நேரத்தில் பச்சையோ பழுப்போ. துடுப்பு வால் மட்டும் வெள்ளையாக இருக்கட்டும். ஊதாவில் பொன்துகள் தூவியதும், இளஞ்சிவப்பில் கண் வரைந்ததும் நம்மை மயக்கும் வேலையை மட்டும் செய்கின்றன.

வாங்கியதைக் காப்பது இங்கே தனிக்கலை. வேலூரை ‘வெயிலூர்’ என்று நாமே கேலி செய்கிறோம். கோடையில் நாற்பது பாகை தாண்டும் ஊரில், வண்டியின் இருக்கைப் பெட்டிக்குள் மென்பிளாஸ்டிக்கை விட்டுவைத்தால் மாலைக்குள் வால் வளைந்து போயிருக்கும். வளைந்த வால் நேராக நீந்தாது. இரு நிறங்களை ஒன்றாக வைத்தால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறும். நெகிழ்விப்பான் கசிந்து சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளையே இளக்கிவிடும். இப்போது வரும் சில நீட்சிமிக்க இரைகள் பிவிசி அல்லாத வேறு பொருளால் ஆனவை. அவற்றைப் பிவிசி புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகிக் கூழாகும். அவரவர் வந்த பொட்டலத்திலேயே, நேராகக் கிடத்தி, வீட்டுக்குள் நிழலில் வைப்பதே வழி.

இனிச் சொல்லப்போவது பலருக்கு உவப்பாக இராது. கிழிந்த புழுவைக் கழற்றிக் கரையில் எறிவதும், செடியில் சிக்கியதை அறுத்துவிட்டு வருவதும் நம் ஏரிகளில் வழக்கமாகிவிட்டன. தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் தூண்டில் இரை இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013இல் மென்பிளாஸ்டிக் இரைகளையே தடை செய்ய ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. தூண்டில்காரர்களின் எதிர்ப்பால் தடை வரவில்லை. ஆராய்ந்து அறிக்கை தரும்படி மாநில மீன்வளத் துறை பணிக்கப்பட்டது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நீரில் கிடக்கும் மென்பிளாஸ்டிக்கை டிரவுட் மீன்கள் தாமாகவே விழுங்குவதையும், விழுங்கியவை உடல் மெலிவதையும் காட்டியிருந்தது. வயிற்றில் ஊதிக் கிடக்கும் பிளாஸ்டிக்கோடு ஒரு விராலை நம் வீட்டு அரிவாள்மனையில் அறுக்க நேர்ந்தால்தான் நாம் நம்புவோமா? ஈயக்குண்டும் அப்படியே. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கி மடிவதைக் கண்ட பிரிட்டன், 1987இலேயே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை விதித்தது. மேலே சொன்ன மூன்று இரைகளில் தவளைக்கும் உப்புப் புழுவுக்கும் தனியாகக் குண்டே வேண்டாம் என்பது அவற்றை நான் தேர்ந்ததற்கு மற்றொரு காரணம்.

ரப்பர்த் தவளையின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது உயிருள்ள தவளையின் முதுகுத் தோலில் முள்ளைக் கோத்துத்தான் விரால் பிடித்தோம். ஒரு காலைக்குப் பத்துப் பன்னிரண்டு தவளை. அன்று அதைக் கொடுமை என்று யாரும் எண்ணவில்லை. வயலில் பூச்சியைத் தின்று விவசாயியைக் காக்கும் உயிர் என்பதை உணர்ந்து, 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்தியது. ஏற்றுமதி நின்ற பிறகும் எங்கள் தூண்டில் நிற்கவில்லை. ஒரே பொம்மைத் தவளை ஒரு பருவம் முழுவதும் உழைக்கும்போது, உயிர்த்தவளைக்கு இனி எந்தத் தேவையும் இல்லை.

ஆனால் அதே பொம்மை இன்னொரு கொடுமைக்கும் கருவியாகிறது. மழைக்காலத்தில் விரால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகச் சேர்ந்து நீரின் மேற்பரப்பில் கொதிப்பதுபோல மிதந்து வரும். அடியில் தாயும் தந்தையும் சில வாரங்கள் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டு இழுத்தால் பெற்றோர் மீன் உறுதியாக அடிக்கும். பசியால் அன்று, குஞ்சைக் காக்கும் சினத்தால். இதைவிட எளிதாக ஒரு பெரிய விராலைப் பிடிக்க முடியாது. பிடித்துச் சென்ற சற்று நேரத்திற்குள் ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். காணொளிகளில் இதைச் சாதனையாகக் காட்டுகிறார்கள். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் கோலைத் தாழ்த்திவிட்டு வேறிடம் போகிறவரையே நான் தூண்டில்காரர் என்று ஒப்புவேன்.

பிடித்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வியை இந்த ஊரில் தவிர்க்க முடியாது. ‘விரால் துள்ளுகிறதே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்பார்கள். அந்த வாதம் தவறு. காற்றில் மூச்சு விடும் மீன் என்பதால், கெண்டை செத்து மிதக்கும் தண்ணீரிலும் விரால் பிழைத்திருக்கும். நீரின் நலத்திற்கு அது சாட்சி ஆகாது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை பட்ட பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் விரிவாகப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் சட்டத்தில் அழுத்தமாக இடம்பெற்றது அந்தத் தீர்ப்பில்தான். அதே பிரச்சினை குறித்து 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஆலைக் கழிவு சேரும் ஓடைகளை ஒட்டிய குட்டைகளில் பிடித்ததை நான் விட்டுவிடுகிறேன். வாலாஜா அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற பெரிய ஏரிகளிலும் புதுவெள்ளம் வந்து ஓடித் தெளிந்த பிறகே சமையலுக்கு எடுக்கிறேன். இது ஆய்வகச் சான்று அன்று, என் எச்சரிக்கை மட்டுமே.

எந்த ஏரியாக இருந்தாலும் கரையில் கோலை விரிக்குமுன் மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். குத்தகைதாரர் பணம் கட்டி மீன்குஞ்சு விட்டிருப்பார். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவர் விட்ட கெண்டைக் குஞ்சைத் தின்னும் விராலைப் பிடிக்கத்தானே வருகிறோம். கேளாமல் இறங்கியவர்கள் கோலை இழந்து திரும்பியதும் உண்டு.

பல் பட்டுக் கிழிந்த தவளையைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே நீர் புகுந்தால் அது மிதக்காது. ஆனால் கிழிசல் சிறிதாக இருந்தால் ஆம்பூரில் செருப்பின் அடியை ஒட்டப் பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசையே போதும். உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து, ஓரிரவு உலர்த்தி, கிழிந்த இரு ஓரங்களிலும் மெல்லத் தடவி, பசை சற்று இழுகும்வரை காத்திருந்து அழுத்திவிட வேண்டும். என் கறுப்புத் தவளைக்கு இப்படி மூன்று ஒட்டு விழுந்திருக்கிறது. போன கார்த்திகையிலும் அதைத்தான் போட்டேன்.